வேர்மண்டலப் பாக்டீரியாவும் உலோக மண் மீட்பும்

ஈயம், காட்மியம், நிக்கல் போன்றவை படிந்து கெட்ட நிலத்தைச் செடி வளர்த்துச் சீராக்குவது தாவரவழி மண்மீட்பு. அச்செடியின் வேரைச் சார்ந்து வாழும் பாக்டீரியாக்களைத் துணைக்குச் சேர்ப்பது அதிலிருந்து கிளைத்த முறை. எண்ணெய்க் கழிவை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும். உலோகமோ தனிமம், எந்த உயிராலும் அதைச் சிதைக்க முடியாது. மண்ணிலிருந்து வெளியே எடுக்கலாம், அல்லது கரையாதபடி மண்ணிலேயே கட்டிவைக்கலாம்.

உலோகத்தை உறிஞ்சிச் சேர்க்கும் செடிகள் முன்பே அறியப்பட்டவை. இத்தாலியின் டஸ்கனியில் வளரும் அலிசம் பெர்டோலோனி, உலர்ந்த இலையில் ஒரு விழுக்காட்டை நெருங்கும் அளவுக்கு நிக்கல் வைத்திருப்பதை மிங்குட்சியும் வெர்ஞானோவும் 1948இல் வெளியிட்டனர். நியூ கலிடோனியாவில் ஒரு மரத்தின் பட்டையைக் கீறினால் நீலப்பச்சைப் பால் வடிகிறது. அந்த நிறம் நிக்கலால் வந்தது. உலர்ந்த பாலில் ஏறத்தாழ கால் பங்கு நிக்கல்தான். இத்தகைய செடிகளைப் பயிரிட்டு அறுத்தே மண்ணைத் தூய்மையாக்கலாம் என்று அமெரிக்க வேளாண் அறிவியலர் ரூஃபஸ் சேனி 1983இல் முன்வைத்தார். ஆனால் அவற்றில் பல சிறியவை, மெல்ல வளர்பவை. கடுகு போல மளமளவென்று வளரும் பயிர்களோ உலோக மண்ணில் முளையிலேயே கருகின.

அந்த முட்டுக்கட்டையை நீக்கியது பாக்டீரியா. கனடாவின் சட்பரியில் 1883இல் ரயில் பாதை போடும்போது நிக்கல், செம்புத் தாது தென்பட்டது. பல பத்தாண்டு உருக்காலைப் புகையில் அவ்வூர்ப் பாறைகள் கறுத்து, மரங்கள் பட்டுப்போயின. அந்தப் பாழ்மண்ணிலிருந்தே வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிளிக் குழுவினர் குளுய்வெரா அஸ்கார்பேட்டா என்ற பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தனர். 1998இல் அவர்கள் வெளியிட்ட முடிவு, இத்துறையில் மிக முக்கியமானது என்பேன்: பாக்டீரியா சேர்த்த, கடுகு இனப் பயிரான கனோலாவின் நாற்றுகள் நிக்கலை எடுப்பது குறையவில்லை, ஆனாலும் நன்றாக வளர்ந்தன.

காரணம் எத்திலீன். வாழைத்தாரைப் பழுக்கவைக்கும் அதே வாயுதான். நச்சு தாக்கினால் செடி எத்திலீனை மிகுதியாகச் சுரக்கிறது. வேர் குட்டையாகி நின்றுவிடுகிறது. எத்திலீனுக்கு மூலப்பொருளான ஏசிசி வேரிலிருந்து கசியும்போது, பாக்டீரியா அதை உடைத்து நைட்ரஜன் உணவாக்கிக்கொள்கிறது. எத்திலீன் தணிகிறது, வேர் நீள்கிறது. ஏசிசியை உடைக்கும் இந்த நொதியை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1978லேயே விவரித்திருந்தனர்.

இரும்பைப் பற்றி இழுக்கும் சிடரோஃபோரை மிகுதியாகச் சுரக்கும், அதே பாக்டீரியாவின் திரிபு ஒன்றையும் கிளிக் குழு 2000இல் சோதித்தது. நிக்கல் மிகுந்தால் செடிக்கு இரும்பு எட்டாமல் இலை வெளிறும். அதற்கு இது மருந்து. வேறு சில பாக்டீரியாக்கள் உலோகத்தைக் கரைத்து வேருக்கு ஊட்டுகின்றன. 2003இல் வெளியான ஆய்வில், நிக்கலைச் சேர்க்கும் மற்றொரு செடியான அலிசம் முராலேவின் விதையில் மூன்று பாக்டீரியாக்களைத் தனித்தனியே சேர்த்தபோது நிக்கல் உறிஞ்சல் 17 முதல் 32 விழுக்காடு வரை கூடியது. உயிர் உரமான அசோஸ்பைரில்லத்தை ஆறிய கஞ்சியில் குழைத்து விதையில் பூசும் நம் உழவருக்கு இந்த விதைநேர்த்தி புதிதல்ல.

தொட்டியில் வென்றது வயலில் வெல்லும் என்பதில்லை. மண்ணில் ஏற்கெனவே உள்ள நுண்ணுயிர்கள் புதிதாக வந்ததை ஒடுக்கிவிடக்கூடும். முழுத் தூய்மைக்குப் பல பருவங்கள் பயிரிட்டு அறுக்க வேண்டும். அறுத்த செடியை அங்கேயே மக்கவிட்டால் உலோகம் மண்ணுக்கே திரும்பும். எரித்தால் சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பலைப் பத்திரமாக அகற்ற வேண்டும். அந்நிலத்தில் விளைந்த கடுகைத் தாளிக்க எடுக்கக் கூடாது, அதன் புண்ணாக்கை மாட்டுக்கும் வைக்கக் கூடாது.