25 டாலரும் ஒரு பெயர்ப்பட்டியலும்

இன்னைக்கு ஒரு 25 டாலர் கட்டணத்தோட கதை. சின்னத் தொகைதான். ஆனா கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு.

1978-ல கலிஃபோர்னியா மக்கள் 'ப்ராபோசிஷன் 13'க்கு ஓட்டுப் போட்டாங்க. வீடு, நிலத்து மேல போடுற சொத்து வரி, அதோட மதிப்புல 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வீட்டுக்காரங்களுக்கு சந்தோஷம். ஆனா அந்த வரியை நம்பித்தான் அரசுப் பள்ளிகள் ஓடிக்கிட்டு இருந்துச்சு. கை கடிக்க ஆரம்பிச்சதும், 1980-ல சாண்டா பார்பரா பள்ளி நிர்வாகம் ஒரு முடிவெடுத்துச்சு. பாடத்துக்குக் காசு இல்ல; ஆனா விளையாட்டு அணி, நாடகம், பாட்டு, இசைக்குழுன்னு எதுல சேர்ந்தாலும் தலா 25 டாலர் கட்டணும்.

நிர்வாகத்தை நான் வில்லனாக்க மாட்டேன். கட்ட முடியாதவங்க விண்ணப்பிச்சா கட்டணத்துக்கு விலக்கும் வச்சிருந்தாங்க. வசதி இருக்கிறவங்க கட்டட்டும், இல்லாதவங்களுக்கு இலவசம். கேட்க நியாயமாத்தான் இருக்கு, இல்லையா? நம்மில் பலரும் இந்த இடத்திலேயே விஷயத்தை முடிச்சிடுவோம்.

ஆனா இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பழைய வரலாறு இருக்கு. அதுக்கு அமெரிக்காவோட இன்னொரு கோடிக்கு, பென்சில்வேனியாவுக்குப் போகணும். அங்கே 1809-ல ஒரு சட்டம் வந்துச்சு: ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி. நடைமுறை எப்படின்னா, வரி மதிப்பிடுற அதிகாரி ஊருக்குள்ள போய், பள்ளிக் கட்டணம் கட்ட முடியாத பெற்றோர் யாருன்னு கேட்டு, 5 வயசுலேர்ந்து 12 வயசு வரைக்கும் உள்ள அவங்க பிள்ளைகளோட பெயரை எழுதிக்கணும். அந்தப் பட்டியல்ல இருக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் அரசு பணம் கொடுக்கும்.

பெயரைக் கொடுக்கப் பல பெற்றோர் தயாரா இல்ல. ஊரறிய 'ஏழை'ன்னு எழுதிக் கொடுத்துட்டுப் படிக்க வைக்கிறதைவிட, பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும்னு விட்டுட்டாங்க. இது வறட்டுக் கௌரவம்னு சொல்றவங்க இருக்காங்க. எனக்கு அப்படித் தோணல. அந்தப் பட்டியலோட கூச்சத்தை வகுப்பறையில சுமக்கப்போறது பெற்றோர் இல்ல, பிள்ளை.

1834-ல அந்த மாநிலம் எல்லாருக்குமான இலவசப் பள்ளிகளுக்குச் சட்டம் போட்டது. உடனே, 'அடுத்தவன் பிள்ளை படிக்க நான் ஏன் வரி கட்டணும்?'னு எதிர்ப்பு கிளம்புச்சு. அடுத்த வருஷமே சட்டத்தை ரத்து செய்ய மேலவை ஓட்டுப் போட்டது. கீழவையில எழுந்து நின்னு எதிர்த்துப் பேசினவர் தாடியஸ் ஸ்டீவன்ஸ். பின்னாளில் அடிமை ஒழிப்புக்காகப் பெரிய பெயர் எடுத்தவர். வெர்மாண்டில் ஏழ்மையில் வளர்ந்தவர். பழைய 1809 சட்டத்தை அவர் அன்னைக்குக் கிழிச்சுத் தொங்கவிட்டார். பணக்காரங்ககிட்டேர்ந்து ஏழைகளைப் பிரிச்சுக் காட்ட அவங்க மேல சூடு போடுற சட்டம்னே அதுக்குப் பெயர் வச்சிருக்கலாம்னார். இலவசப் பள்ளிச் சட்டம் பிழைச்சது.

இப்போ திரும்ப சாண்டா பார்பரா. பார்பரா ஹார்ட்ஸெல் என்ற பெற்றோரும், கட்டணத்தை எதிர்த்த ஒரு கூட்டமைப்பும் வழக்குப் போட்டாங்க. கலிஃபோர்னியாவின் 1879 அரசமைப்புச் சட்டத்தில் 'இலவசப் பள்ளி' என்றே இருக்கு என்பதுதான் அவங்க வாதம். 'நாடகமும் கால்பந்தும் பாடத்துக்கு வெளியே உள்ள கூடுதல் விஷயம்'னு நிர்வாகம் சொன்னது. கீழ் நீதிமன்றம் நிர்வாகத்தின் பக்கம்.

1984-ல உச்ச நீதிமன்றம் அதை மாத்திச்சு. தலைமை நீதிபதி ரோஸ் பேர்ட் எழுதிய தீர்ப்பில், இந்தச் செயல்பாடுகளும் கல்வியின் பகுதியே. பணத் தட்டுப்பாடு கட்டணம் வசூலிக்கக் காரணமாகாது. அப்புறம், எனக்கு முக்கியமாப் படுற இடம்: விலக்கு கொடுத்தாலும் கட்டணம் செல்லாது. இலவசக் கல்வி என்பது எல்லாருக்குமான உரிமை. 'என்னால் கட்ட முடியாது'ன்னு நிரூபிக்கிறவங்களுக்குக் கிடைக்கிற சலுகை அல்ல. 'ஏழை'ன்னு முத்திரை விழுறதைப் பத்தியும் தீர்ப்பு பேசுது.

அப்போ பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் இலவசமான்னு கேட்பீங்க. ஆமா. அந்த வீட்டுப் பங்கை வரியா வாங்கணும். கஷ்டம் என்னன்னா, வரியை உயர்த்தற அதிகாரம் நீதிபதிகிட்ட இல்ல. தீர்ப்பு கட்டணத்தை நிறுத்தச் சொன்னதே தவிர, காசுக்கு வழி சொல்லல.

அதனால கட்டணம் வேற வேற பெயர்ல திரும்பி வந்துச்சு. பயிற்சிப் புத்தகம், தேர்வுக் கட்டணம், விளையாட்டுச் சீருடை. 2010-ல ஏசிஎல்யு என்ற சிவில் உரிமை அமைப்பு மாநில அரசு மேலேயே வழக்குப் போட்டது. புத்தகம் வாங்க முடியாத ஒரு மாணவியோட பெயரை ஆசிரியர் வகுப்புப் பலகையில எழுதினார்னு அதில் ஒரு குற்றச்சாட்டு. 1809-ல அதிகாரி நோட்டுல எழுதினது, இப்போ பலகைக்கு வந்திருக்கு.

2012-ல கவர்னர் ஜெர்ரி பிரவுன் ஏபி 1575 என்ற சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். சட்டவிரோதமா வாங்கின கட்டணம் மேல பெற்றோர் புகார் கொடுக்கலாம். வாங்கின பணத்தைப் பள்ளி திருப்பிக் கொடுக்கணும். புகாரில் பெயர் எழுத வேண்டிய அவசியம் இல்ல.