குடல் தணிந்தால் கண்ணும் தணியுமா? குடல் அழற்சி நோயில் கண், இமைப் பாதிப்புகள்

பெருங்குடல் புண் அழற்சி கொண்ட இரு நோயாளிகளின் கண் பாதிப்புகளை நியூயார்க் மருத்துவர் பரில் குரோன் 1925இல் பதிவு செய்தார். குடல் அழற்சி நோயின் மற்றொரு வகையான, அவர் பெயரால் வழங்கும் குரோன் நோயை அவரும் சக மருத்துவர் இருவரும் விவரித்தது 1932இல். குடலுக்கும் கண்ணுக்கும் உள்ள தொடர்பு அவ்வளவு காலமாக அறியப்பட்டது. ஆயினும், குடல் நோய் அடங்கினால் கண்ணும் தானாகத் தெளியும் என்ற எண்ணம் இன்றும் வலுவாக உள்ளது. கண் பாதிப்புகளுள் ஒரு வகைக்கே அது பொருந்தும் என்பதும், எல்லாவற்றுக்கும் விரித்துக்கொண்டால் பார்வைக்கே ஆபத்து என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

அந்த ஒரு வகை எபிஸ்கிளிரைடிஸ். வெண்விழியின் மேலடுக்கு சிவக்கும்; லேசாக உறுத்தும்; பார்வை குறையாது. பெரும்பாலும் குடல் நோய் சீறும்போது தோன்றி, அது தணியும்போது மறையும். ஃபினைல்எஃப்ரின் சொட்டு விட்டால் இச்சிவப்பு வெளுத்துவிடும்.

ஸ்கிளிரைடிஸ் அப்படியன்று. அழற்சி வெண்விழியின் ஆழத்தில் நிகழ்வதால் சிவப்பில் நீலச்சாயல் கலந்திருக்கும். உறக்கத்தைக் கலைக்குமளவு குடைச்சல் எடுக்கும். சொட்டுக்கு அது வெளுக்காது. குடல் அமைதியாக உள்ளபோதும் அது வரக்கூடும். விழியின் நடுப்படல அழற்சியான யூவியைடிஸ் இன்னும் ஏமாற்றும். எச்.எல்.ஏ.-பி27 மரபணுவோடு தொடர்புடைய முதுகெலும்பு அழற்சியில் அது திடீரென ஒரு கண்ணில் வலியோடும் ஒளிக்கூச்சத்தோடும் வெடிக்கும். குடல் அழற்சி நோயிலோ பல வேளைகளில் இரு கண்களிலும் மெல்லத் தொடங்கி, விழியின் பின்பகுதிவரை பரவி, நீடித்து நிற்கும். குரோன் நோயுள்ள குழந்தைகள் சிலரிடம் எந்த அறிகுறியும் இன்றி அது கண்டறியப்பட்டுள்ளது.

இமைகளைப் பொறுத்தவரை நிதானம் தேவை. இமை விளிம்பு அழற்சியும் கண் உலர்வும் குடல் நோயாளிகளிடம் காணப்படுகின்றன. ஆனால் பொதுமக்களிடமும் அவை மிகுதி. எனவே ஒவ்வொன்றையும் குடலின் மேல் சுமத்த இயலாது. கண்ணீர்ச் சுரப்பியோ கண்குழித் தசையோ அழன்று இமை வீங்குவது அரிது; ஆனால் அதைத் தவறவிடக் கூடாது. சிறுகுடலின் பெரும்பகுதியை இழந்தவர்க்கு வைட்டமின் ஏ குறைந்து, மாலைக்கண்ணும் விழி உலர்வும் வரலாம். குடல் நோய்க்கு நீண்டகாலம் எடுக்கும் ஸ்டீராய்டு கண்புரையையும் கண் அழுத்த உயர்வையும் தரலாம். வைட்டமின் குறைவாலும் ஸ்டீராய்டாலும் வரும் இப்பாதிப்புகள் குடலின் அன்றைய சீற்றத்தைச் சார்ந்தவை அல்ல.

குடலும் கண்ணும் எப்போதும் ஒருசேரத் தணிவதில்லை என்பதை மருந்துகளும் மெய்ப்பிக்கின்றன. வெடோலிசுமாப் முதன்மையாக, வெள்ளணுக்கள் குடல் திசுவுக்குள் புகுவதைத் தடுக்கிறது. கண் அழற்சியை அடக்க அதை நம்பியிருக்க முடியாது. டி.என்.எஃப். என்னும் அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் அடலிமுமாப் உடலெங்கும் செயல்படுவதால் குடல், கண் இரண்டுக்கும் உதவுகிறது. இந்தியாவில் இங்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை வேண்டும்: காசநோய் குடலில் குரோன் நோயைப் போலவும் கண்ணில் யூவியைடிஸாகவும் தோன்றக்கூடியது. அதைச் சோதித்து விலக்காமல் டி.என்.எஃப். தடுப்பு மருந்தைத் தொடங்கினால் உறங்கும் கிருமி விழித்துக்கொள்ளக்கூடும்.

ஆகவே, குடல் நலமாக இருப்பது கண் நலத்துக்குச் சான்றாகாது. வலி, கூச்சம், மங்கல் மூன்றில் ஒன்று தோன்றினாலும் குடல் மருத்துவர் தாமதமின்றி ஸ்லிட் லேம்ப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஸ்டீராய்டு எடுப்பவர்க்கும் குரோன் நோயுள்ள குழந்தைகளுக்கும் அறிகுறி இல்லாவிடினும் கண் பரிசோதனை வேண்டும். மீண்டும் மீண்டும் கண் சிவந்து வருபவரிடம் வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம், எடை இழப்பு பற்றிக் கண் மருத்துவரும் கேட்டாக வேண்டும். சிலரிடம் குடல் நோய்க்கு முன்பே கண் நோய் தோன்றிவிடுகிறது.