துக்கமா, மனச்சோர்வா? இழப்புக்குப் பிறகு மாத்திரை எப்போது தேவை?

நெய்வேலி என்.எல்.சி. இரண்டாம் அனல் மின் நிலையத்தில் 2020 ஜூலை 1 அன்று 5-வது யூனிட் கொதிகலன் வெடித்தது. அன்றே 6 தொழிலாளர்கள் இறந்தனர். படுகாயத்துடன் சென்னைக்குக் கொண்டு செல்லப்பட்டவர்களில் பலர் அடுத்தடுத்த வாரங்களில் உயிரிழந்தனர். அதே நிலையத்தில் மே 7 அன்றும் ஒரு கொதிகலன் விபத்து நடந்திருந்தது. இழப்பீடு, வேலை பற்றியெல்லாம் செய்திகள் வந்தன. ஆனால் தூங்க முடியாமல் கிடக்கும் மனைவியை டாக்டரிடம் கூட்டிப்போகணுமா, மாத்திரை போடணுமா என்ற கேள்விக்கு வீட்டில்தான் பதில் தேட வேண்டியிருக்கிறது. விபத்து மட்டுமல்ல, எந்த மரணத்துக்குப் பிறகும் இதே குழப்பம்தான்.

துக்கம் நோயா?

இல்லை. அழுகை, பசியின்மை, இறந்தவரின் குரல் கேட்பது போன்ற உணர்வு எல்லாமே இயல்பு. துக்கம் அலை அலையாக வரும். செகண்ட் ஷிப்ட் முடிந்து வண்டிகள் திரும்பும் நேரத்தில் மனசு உடையும். பேரப்பிள்ளை வந்தால் கொஞ்சம் சிரிப்பும் வரும்.

மனச்சோர்வு அப்படி விட்டு விட்டு வராது. நாள் முழுக்க, தினமும், குறைந்தது இரண்டு வாரம் எதிலும் ஆர்வமில்லாமல் போகும். "அவர் இல்லையே" என்ற ஏக்கம் "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்று மாறுகிறதா? கவனிக்க வேண்டியது இதைத்தான். நம்மூரில் பலர் மனசு சரியில்லை என்று சொல்வதில்லை. உடம்பு அசதி, நெஞ்சு படபடப்பு என்றுதான் சொல்வார்கள்.

மருத்துவர்களுக்குள்ளும் இதில் விவாதம் உண்டு. இறப்பு நடந்து 2 மாதத்துக்குள் பொதுவாக மனச்சோர்வு என முத்திரை குத்தக் கூடாது என்றிருந்த அமெரிக்க மனநல மருத்துவ சங்கத்தின் விதி 2013-ல் நீக்கப்பட்டது. இயல்பான அழுகைக்கும் மாத்திரை எழுதிவிடுவார்கள் என்று அப்போது எதிர்ப்பு எழுந்தது. அந்தப் பயம் நியாயமானதே. அதற்காக "16-ஆம் நாள் காரியம் முடிஞ்சா சரியாயிடும்" என்று நிஜமான நோயைத் தள்ளிப்போடுவதும் ஆபத்துதான்.

மாத்திரை எதற்கு உதவும்?

மனச்சோர்வுக்கு உதவும், ஏக்கத்துக்கு அல்ல. நீடித்த துக்கம் கொண்ட 395 பேரிடம் அமெரிக்காவில் கேத்தரின் ஷியர் குழு நடத்திய ஆய்வு 2016-ல் வெளியானது. துக்கத்துக்கென உள்ள பேச்சு சிகிச்சை நன்றாகப் பலன் தந்தது. அதனுடன் சிட்டலோபிராம் மாத்திரை சேர்த்தபோது மனச்சோர்வு அறிகுறிகள் குறைந்தன. துக்கத்தில் கூடுதல் மாற்றமில்லை. 6 மாதம் தாண்டியும் வாழ்க்கை நின்றுபோனால் அதை 'நீடித்த துக்கக் கோளாறு' என உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்துகிறது.

சாப்பிடாமல் உடல் இளைப்பது, வேலைக்கே போக முடியாதது, முன்பே மனச்சோர்வு வந்திருப்பது ஆகியவை இருந்தால் மாத்திரையின் தேவை கூடும். தைராய்டு, ரத்தசோகை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். "நானும் அவர்கூடவே போயிடுறேன்" என்ற பேச்சு வந்தால் காத்திருக்கவே கூடாது, அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்றவை வேலை செய்ய 2 முதல் 6 வாரம் ஆகும். முதல் வாரங்களில் குமட்டல் இருக்கலாம். தூக்க மாத்திரை போல அடிமையாக்காது. ஆனால் திடீரென நிறுத்தினால் தலைசுற்றும். சரியான பிறகும் சுமார் 6 மாதம் தொடர்ந்து, டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த அல்பிரஸோலம்? வேண்டாம். துக்கத்துக்கு இவ்வகை மாத்திரை கொடுக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே சொல்லிவிட்டது.

எங்கே கேட்பது?

டெலி மானஸ் எண் 14416. கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். அரசு மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மருத்துவரைப் பார்க்கலாம். போகும்போது சுகர், பிரஷர் மாத்திரை சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். குடிப்பழக்கம் இருந்தால் மறைக்காதீர்கள். எந்த மருந்து, எவ்வளவு என்பதே அதனால் மாறலாம்.