கீழ்க்கரையிலிருந்து வரையப்பட்ட செவ்வாய்

செவ்வாய்க் கிரகத்தின் தென்பாதியிலே, நூற்றைம்பது கிலோமீற்றருக்கும் கூடிய அகலமுடைய பெருங்குழி ஒன்று மோல்ஸ்வேர்த் என்னும் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அப்பெயருக்குரியவர் கொழும்பிலே பிறந்து, மட்டக்களப்புக்கு வடக்கே, இதே கீழ்க்கரையில் உள்ள திருகோணமலையிலே இறந்தவர் என்பதை நம் மாணவருள் எத்துணைப் பேர் அறிவர்? கோணேசர் கோட்டத்தையும் துறைமுகத்தையும் பற்றி நாம் கற்பிக்கின்றோம். அங்கிருந்து செவ்வாயை வரைந்த ஒருவரைப் பற்றிக் கற்பிப்பதில்லை.

பேர்சி பிறேபுறூக் மோல்ஸ்வேர்த் 1867 ஆம் ஆண்டு பிறந்தார். இலங்கைப் புகையிரதப் பாதை அமைப்பில் தலைமை ஏற்ற பொறியியலாளர் கில்போர்ட் மோல்ஸ்வேர்த் இவருடைய தந்தை. மகன் பிரித்தானியப் படையின் பொறியியற் பிரிவில் உத்தியோகத்தராகித் திருகோணமலைக்கு வந்தார். பன்னிரண்டரை அங்குல ஆடி பொருத்திய தொலைநோக்கி ஒன்றை அங்கே நிறுவி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இரவுகளை அதன் அருகிலேயே கழித்தார். 1901 பெப்ரவரியில் வியாழனின் தென்பகுதியில் எழுந்த பெருங்குழப்பத்தை முதலிற் கண்டவர் அவரே. அது பல ஆண்டுகள் நீடித்தது. 1903 இல் செவ்வாயை வரைந்து பிரித்தானிய வானியற் கழகத்திற்கு அனுப்பினார். 1908 நத்தார் தினத்தில், தமது நாற்பத்தொன்றாம் வயதில் மறைந்தார்.

இவர் வானியலால் ஊதியம் பெற்றவரல்லர், ஆர்வத்தால் உழைத்தவர். அவ்வுழைப்பை நாம் மதிக்கின்றோம். ஆயினும், அவர் அங்கு வந்தது வானைப் பார்ப்பதற்கன்று, துறைமுகத்தைக் காப்பதற்கு என்பதையும் மறத்தலாகாது. பேராடி ஒன்றைக் கடல் கடந்து கொணரும் வசதியும் அதனை இயக்கும் ஓய்வும் ஏகாதிபத்தியப் படையின் அதிகாரிக்கு இருந்தன. அதே இரவில் அதே கரையில் வலை இழுத்த மீனவனும் அதே செங்கோளைக் கண்டான். அவன் கையில் தொலைநோக்கி இல்லை.

இனி, இக்கரையின் சிறப்பு யாதென நோக்குவோம். செவ்வாய் இருபத்தாறு மாதங்களுக்கு ஒருமுறை சூரியனுக்கு எதிர்நிலையில் வந்து பூமியை நெருங்குகின்றது. பதினைந்து அல்லது பதினேழு ஆண்டுகளுக்கு ஒருமுறை மிக நெருங்குகின்றது. அம்மிக நெருங்கிய காலங்களில் அது தென்வானில் நிற்பதால், ஐரோப்பியருக்குத் தொடுவானின் புழுதிக்கும் கொதிக்கும் காற்றுக்கும் ஊடாகவே தெரியும். 2018 ஜூலையில் இலண்டன் நகரில் செவ்வாய் எழுந்த உச்ச உயரம் ஏறத்தாழ 13 பாகை. மட்டக்களப்பிலோ 57 பாகை. அன்றியும், அந்நெருக்கங்கள் ஜூலை, ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களை ஒட்டியே நிகழ்வன. அவை நமக்கு மழையற்ற மாதங்கள். கச்சான் தணிந்த இரவில் வாவியின் நீர் அசையாது கிடக்க, விண்மீன்கள் அதிற் படிந்து கிடப்பதை நம்மூரார் அனைவரும் கண்டிருப்பர். ஊசியிலைக் காடுகளிடையே மலையுச்சி தேடி அலைந்த கோமான்களுக்கு இது கிடைத்ததில்லை!

இன்னொரு காரணமும் உண்டு. செவ்வாய் தன்னைத்தான் சுற்ற 24 மணி 37 நிமிடம் கொள்கின்றது. ஆகவே ஒவ்வோர் இரவும் ஒரே நேரத்தில் நோக்குவோர்க்கு அதன் முகம் சிறிதளவே மாறுகின்றது. ஓரிடத்திலிருந்து முழுக்கோளத்தையும் கண்டு முடிக்க ஏறத்தாழ நாற்பது இரவுகள் வேண்டும். இலண்டன் நகரில் இரவு தொடங்குமுன் திருகோணமலையில் ஐந்து மணி நேரத்திற்கு மேல் கழிந்திருக்கும். அதற்குள் செவ்வாய் 80 பாகையளவு திரும்பிவிடும். அங்குள்ளோர் காணவியலாத முகத்தை இங்குள்ளோரே வரைய வேண்டும். ஒரு நாடு தனித்து வரையக்கூடியதன்று செவ்வாயின் படம்.

பலர் கண்டதை ஒன்று சேர்ப்பதில் இடரும் இருந்தது. 1877 இல் மிலான் நகரத்து ஸ்கியாப்பரெல்லி செவ்வாயில் கோடுகளை வரைந்தார். அமெரிக்கச் செல்வர் லோவெல், அவை அறிவுடைய உயிர்கள் வெட்டிய கால்வாய்களே என 1894 முதல் முழங்கினார். பிரித்தானியக் கழகத்தின் படங்களிலும் கோடுகள் இடம்பெற்றன. அப்பொழுது கிறினிச் வானாய்வகத்தைச் சேர்ந்த மோண்டர் என்பார் செய்த சோதனையை ஆசிரியர்களாகிய நாம் அறிந்திருத்தல் வேண்டும். புள்ளிகளும் நெளிவுகளும் மட்டுமே தீட்டிய, கால்வாய் எதுவும் இல்லாத வட்டப்படத்தை வகுப்பறையில் மாட்டி, வெவ்வேறு தூரங்களில் அமர்ந்த பள்ளிச் சிறுவரை, காண்பதை வரையச் சொன்னார். நடுத்தூரத்துச் சிறுவர் பலர் நேர்கோடுகளை வரைந்தனர்! 1903 இல் அம்முடிவு வெளியாயிற்று. 1905 இல் லோவெலின் ஆய்வகத்தார் எடுத்த ஒளிப்படங்களும் வழக்கைத் தீர்க்கவில்லை. சில மில்லிமீற்றர் அகலமே உடைய அப்படங்களில், கோடுகளை விரும்பியோர் கோடுகளைக் கண்டனர். 1909 இல் அந்தோனியாடி, பாரிசை அடுத்த மூடோனிலுள்ள பெருந்தொலைநோக்கியால் நோக்கியபோது கோடுகள் சிதறி ஒழுங்கற்ற திட்டுகளாயின. 1965 இல் மரினர் 4 அனுப்பிய இருபத்திரண்டு படங்கள் எஞ்சிய ஐயத்தையும் போக்கின.

இன்றைய முறை இந்த மயக்கத்தைக் கணிதத்தால் வெல்கின்றது. சிறிய கமரா ஒன்றைத் தொலைநோக்கியிற் பொருத்தி, இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் பல்லாயிரம் படங்களைப் பதிவு செய்கின்றனர். காற்று கணப்பொழுது அமைதியுற்றபோது பதிந்தவற்றை மட்டும் கணினி தெரிந்தெடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகின்றது. நேரத்தைச் சரியாகக் குறித்திருந்தால் நெட்டாங்கும் அகலாங்கும் கணித்து, பல நாட்டார் எடுத்த படங்களை ஒரே வரைபடமாகப் பொருத்தலாம். 2012 மார்ச்சில் செவ்வாயின் விளிம்புக்கு மேலே 200 கிலோமீற்றருக்கும் உயர எழுந்த மேகத்தை முதலிற் கவனித்தவர் ஜேஷ்கி என்னும் அமெரிக்கச் சட்டத்தரணி. 2018 இல் கோளையே மூடிய புழுதிப்புயலின் பரவலையும் இத்தகையோர் நாள்தோறும் படமெடுத்தனர். அங்கு இயங்கிய ஒப்பச்சூனிற்றி ஊர்தி அப்புயலிலேதான் வாய் மூடியது.

நம் வீடுகளிலோ செவ்வாயின் வரைபடம் வேறு. பன்னிரண்டு கட்டங்களில் 2, 4, 7, 8, 12 ஆகிய ஐந்தில் செவ்வாய் நின்றால் தோஷம் என்பர். இலக்கினத்தை மட்டும் கொண்டு கணக்கிட்டாலும் பன்னிரண்டில் ஐந்து பங்கு மக்கள் குற்றவாளிகள் ஆகின்றனர். விதிவிலக்குகள் பல வகுத்திராவிடில் ஊரில் பாதிக் கலியாணம் நின்றுபோகும். அவ்விதிவிலக்கும் சீதனம் கொடுக்க வல்லவர் மகளுக்கே எளிதிற் கிடைக்கின்றது. ஏழை வீட்டுப் பெண் முப்பத்தைந்து வயதிலும் சாதகக் குறிப்போடு காத்திருக்கின்றாள். அக்குறிப்பை எழுதியவர் வானத்தைப் பார்த்து எழுதினாரல்லர். இவ்வாவிக்கரையின் புதல்வர் விபுலானந்த அடிகள் 1947 இல் வெளிவந்த யாழ்நூலிலே, பண்டை இசையைக் கணித அளவையால் ஆராய்ந்து காட்டினார். அளந்து அறிதல் நமக்கு அந்நியமன்று.

எட்டு அங்குலத் தொலைநோக்கி ஒன்று இன்றும் ஆசிரியரின் பல மாதச் சம்பளத்தை விழுங்கும். ஆனால் இரு கண்ணாடி வட்டுக்களும் தேய்பொடியும் பொறுமையும் இருந்தால் ஆடியைக் கையாலேயே தேய்த்து உருவாக்கலாம். உலகெங்கும் தொழிலாளரும் மாணவரும் அவ்வாறு செய்துள்ளனர். நாலைந்து பாடசாலைகள் கூடினால் ஒரு கமராவும் கைகூடும். 2027 பெப்ரவரியில் வரும் எதிர்நிலை சிறியது. கை பழக அது போதும். 2033 ஜூன் இறுதியிலும் 2035 செப்டெம்பர் நடுவிலும் செவ்வாய் மிக நெருங்கி வரும். அப்பொழுது மட்டக்களப்பில் மாரி தொடங்கியிராது.