தோட்டத்தின் பெயரைத் தாங்கிய எழுத்தாளர்

ஊவா மாகாணம் பாடல் பெற்ற நாடு. கதிர்காமத்துக் கந்தனை அருணகிரிநாதர் திருப்புகழிலே பாடிப் பரவினார். ஆயின், அதே மாகாணத்தின் மலைச்சரிவுகளிலே காடழித்து, முதலிற் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் விளைவித்த நம் முன்னோரைப் பாடியவர் யார்? நெடுங்காலம் அவர்களே தம்மைப் பாடிக்கொண்டனர். தாலாட்டும், ஒப்பாரியும், கொழுந்து மலையிற் பிறந்த பாட்டும் வாயிலே தோன்றிக் காற்றிலே கலந்தன. ஏட்டில் ஏறியவை மிகச் சில.

அப்பாடல்களைத் தேடித் திரட்டி நூலாக்கியவர் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவான அப்பெரியார் ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதை, சக்தீ பால ஐயாவின் கைவண்ணத்தால் 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழுருப் பெற்றது. கவிதையிலே அவர் திறந்த வாயிலைச் சிறுகதையிலே அகலத் திறந்தவர் நம் பதுளை மண்ணின் மைந்தர் தெளிவத்தை ஜோசப். அன்னாரின் இலக்கிய வாழ்வை இவ்வாண்டு மலரிலே நினைவுகூர்வது நமது கடமையெனக் கருதுகின்றோம்.

ஹாலி-எலைக்கு அண்மையிலுள்ள ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934ஆம் ஆண்டு பெப்ரவரி 16ஆம் திகதி அவர் பிறந்தார். தந்தையார் தோட்டப் பாடசாலை ஆசிரியர். தந்தையிடமே எழுத்தறிந்த சிறுவர் சில ஆண்டுகள் கும்பகோணத்திற் பயின்று, பின்னர் பதுளை திரும்பிக் கல்வியைத் தொடர்ந்தார். தெளிவத்தைத் தோட்டத்துப் பாடசாலையிலே தாமும் ஆசிரியரானார். எழுதத் தொடங்கியபோது அத்தோட்டத்தின் பெயரையே தம் பெயருக்கு முன் சூடிக்கொண்டார்.

இப்பெயர்ப் பொருத்தத்தை நம் இளைஞர்கள் சற்றே சிந்தித்துப் பார்த்தல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964இல் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. லயத்திலே ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த உறவுகள் கடலுக்கு இருபுறமும் சிதறின. "உனக்கு எந்த ஊர்?" என்ற வினாவுக்கு விடை கூற அஞ்சிய காலமது. அக்காலத்திலே, "எனது ஊர் தெளிவத்தை" என்று ஒவ்வொரு கதையின் தலைப்பிலும் ஒருவர் அச்சிட்டுக் காட்டினார். அதனினும் பெரிய உரிமைக் குரல் வேறென்ன வேண்டும்?

அவர் எழுத முனைந்த 1960களிலே மலையகத்தில் ஓர் இலக்கிய விழிப்பு எழுந்தது. வீரகேசரியின் தோட்ட மஞ்சரிப் பகுதியை நடத்திய எஸ். எம். கார்மேகம் மலையக எழுத்தாளருக்கெனச் சிறுகதைப் போட்டிகள் வைத்தார். பரிசுக் கதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' என்னும் தொகுதியாயின. அப்போட்டிகளிலே பரிசு பெற்று ஒளிவிட்டவர்களுள் ஜோசப் முதன்மையானவர்.

அவருடைய கதைகளிலே மேடை முழக்கம் இல்லை. பிரட்டுக்களமும், கங்காணியும், கணக்கப்பிள்ளையும், தோட்டத்து வாத்தியாரும் தத்தம் பேச்சோடும் குறும்போடும் நடமாடுவர். துரைமாரின் கொடுமையைக் காட்டிய அதே பேனா நம்மவரின் சிறுமைகளையும் மறைக்கவில்லை. 'மீன்கள்' என்ற கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் காம்பிராவிலே, வளர்ந்த பிள்ளைகளோடு படுத்துறங்க வேண்டிய பெற்றோரின் மானப் பிரச்சினை அது. லயத்தின் நீள அகலத்தை ஆணைக்குழு அறிக்கைகள் அடிக்கணக்கில் அளந்தன. அந்த நான்கு சுவருக்குள் ஒரு தகப்பன் கூனிக் குறுகும் வேதனையை அளந்தது இக்கதை. சிறுகதை என்னும் கலை எதற்கு என்று கேட்போருக்கு இதுவே விடை.

1974இல் 'காலங்கள் சாவதில்லை' நாவல் வீரகேசரி வெளியீடாக வந்தது. 1979இல் 'நாமிருக்கும் நாடே' சிறுகதைத் தொகுதி வெளிவந்து சாகித்திய விருது பெற்றது. மன்னார்க் கரையிலிருந்து கப்பல்கள் நம்மவரை ஏற்றிச் சென்றுகொண்டிருந்த நாளில், பாரதியின் வாக்கை நினைவூட்டும் அத்தலைப்பைச் சூட்டினாரே, அதன் துணிவை என்னென்பது! பின்னாளிற் கொழும்பிலே தனியார் நிறுவனமொன்றிற் கணக்காளராகப் பணியாற்றி வத்தளையில் வாழ்ந்தபோதும் அவர் பேனா ஓயவில்லை. தலைநகரத் தமிழரின் அச்ச வாழ்வைச் சித்திரிக்கும் 'குடை நிழல்' 2010இல் வெளிவந்தது. 2013இல் தமிழகத்தின் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தது.

இவையனைத்தினும் மேலாக நாம் போற்றுவது அன்னாரின் பிறிதொரு தொண்டினை. தம் கதைகளை மட்டும் பேணி அவர் அமைதி கொள்ளவில்லை. பழைய பத்திரிகைகளிலே புதைந்து கிடந்த பிறர் கதைகளைத் தேடியெடுத்தார். 1997இல் துரைவி பதிப்பகம் வெளியிட்ட 'மலையகச் சிறுகதைகள்', 'உழைக்கப் பிறந்தவர்கள்' ஆகிய தொகுதிகளிலே அவருழைப்பு பெரிது. 2000இல் 'மலையகச் சிறுகதை வரலாறு' என்னும் நூலையும் ஆக்கித் தந்தார். ஒரு கதையோடு மறைந்துபோனவர்களையும் வரலாற்றிலே பெயர் சொல்லி நிறுத்திய பெருந்தகை அவர். 2022ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி அவர் மறைந்தார்.

இந்து வாலிபர் மலரிலே கிறிஸ்தவ எழுத்தாளரைப் பற்றி ஏன் எழுத வேண்டுமென்று எவரும் வினவார் என நம்புகின்றோம். மாரியம்மன் தேரும் மாதாவின் தேரும் ஒரே தோட்டப் பாதையிலே செல்லக் கண்டவர்கள் நாம். மேலும், தமிழ் வளர்த்த சான்றோரை மதம் பாராது போற்றுவது நம் மரபு.

இளைஞர்களே! பசறையிலும், லுணுகலையிலும், நமுனுகுலையிலும் லயங்கள் நாளுக்கு நாள் வெறுமையாகின்றன. பிழைப்பைத் தேடி நம் பிள்ளைகள் கொழும்புக்கும் கடல் கடந்தும் செல்கின்றனர். செல்வது குற்றமன்று. ஆனால் பாட்டியின் ஒப்பாரியும், பாட்டன் சொன்ன பஞ்சக் கதையும், பழைய மலரொன்றிலே எவரோ எழுதிய கவிதையும் அவர்களோடு போய்விட்டால் மீட்க வழியில்லை. ஆகவே, நம் சங்கத்தின் ஒவ்வோர் இளைஞரும் இவ்வாண்டு தம் தோட்டத்து முதியவர் ஒருவரிடம் அமர்ந்து, அவர் கூறுவதை அவர் மொழியிலேயே எழுதி வருதல் வேண்டும். தோட்டத்தின் பெயரையும், சொன்னவரின் பெயரையும் மறவாது குறித்தல் வேண்டும். அடுத்த ஆண்டு மலரிலே அவற்றுக்கு இடமளிப்பது பெரியோர் கடன். தெளிவத்தை என்ற பெயரைத் தமிழுலகம் அறியச் செய்த மாமனிதருக்கு நாம் செலுத்தக்கூடிய தகுந்த அஞ்சலி அதுவே.