இல்லை என்று சொல்லப்பட்ட பூ

நமது காலாண்டு இதழில் இம்முறை ஒரு சிறிய பூவின் வரலாறு.

டாஃபடில் என்றதும் பெரிய மஞ்சள் பூக்கள் நினைவுக்கு வரும். அதே நார்சிசஸ் பேரினத்தில் ஒரு சாண் உயரத்துக்குள் அடங்கிவிடும் காட்டு இனம் ஒன்று உண்டு. பெயர் நார்சிசஸ் சைக்ளமினியஸ். போர்ச்சுகல், ஸ்பெயின் நாடுகளின் வடமேற்குப் பகுதியே இதன் தாயகம். ஓடைக்கரைகளிலும் ஈரப் புல்வெளிகளிலும் வளரும். பூவின் குழல் கீழே தொங்கும். இதழ்களோ நம் செங்காந்தளின் இதழ்களைப் போல முழுவதும் பின்னால் மடங்கியிருக்கும்.

இந்த விசித்திர உருவம்தான் வம்பாகிவிட்டது. பிரெஞ்சு மன்னர் நான்காம் ஹென்றியின் தோட்டத்தைப் பற்றி 1608-இல் வெளியான நூலில் பியர் வாலே என்ற ஓவியர் இதை வரைந்திருந்தார். அதன்பின் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் தோட்டக்காரர்கள் யாரும் இதைக் காணவில்லை. 1837-இல் ஆங்கிலப் பாதிரியாரும் தாவரவியலாளருமான வில்லியம் ஹெர்பர்ட், இப்படியொரு செடி இருக்கவே முடியாது என்று எழுதிவிட்டார். இந்தக் குடும்பத்துச் செடிகளை அவரளவுக்கு அறிந்தவர் அன்று அரிது. அதனால் அவர் சொல் எடுபட்டது.

1847-இல் ஹெர்பர்ட் காலமானார். 1885-இல் போர்ச்சுகலின் போர்ட்டோ பகுதியில் அதே பூ மீண்டும் கண்டறியப்பட்டது. அங்கே வசித்த ஒயின் வணிகர் ஆல்ஃபிரட் டெய்ட் போன்றோரால் அது இங்கிலாந்துத் தோட்டக்காரர்களுக்கு அறிமுகமானது. பழைய ஓவியர் பொய் வரையவில்லை என்பது அப்போது உறுதியாயிற்று.

தோட்டங்களில் அது பெரும் குடும்பத்துக்கே மூதாதை ஆனது. பின்மடங்கிய இதழ்கொண்ட கலப்பினங்களுக்கு டாஃபடில் வகைப்பாட்டில் தனிப் பிரிவே உண்டு. 'பிப்ரவரி கோல்ட்' அவற்றுள் ஒன்று. கார்ன்வாலில் அலெக் கிரே உருவாக்கிய 'டெட்-அ-டெட்' என்ற குட்டி டாஃபடிலின் பரம்பரையிலும் இந்தக் காட்டுப்பூ இருக்கிறது. இன்று கடைகளில் தொட்டியோடு விற்கும் டாஃபடில்களில் அதுவே பெரும்பாலும் கண்ணில் படும்.

வளர்ப்பவர்கள் அறிந்த பாடம் எளிது. அமிலத்தன்மையுள்ள, ஈரம் காயாத மண் வேண்டும். கிழங்கைத் தோண்டி வெளியே காயவிட்டால் வீணாகிவிடும். விதையிலிருந்து வளர்த்தால் பூக்கச் சில ஆண்டுகள் பிடிக்கும். விண்ட்ஸர் அருகேயுள்ள சாவில் தோட்டத்தில் இது விதை சிந்தித் தானாகவே பரவியிருக்கிறது. விதை முற்றி விழும்வரை புல்லை வெட்டாமல் காத்திருந்தால்தான் இது நடக்கும்.

ஆனால் சொந்த ஊரில் நிலைமை வேறு. வாழிடம் சுருங்குவது அங்கே இதற்கு ஓர் அச்சுறுத்தல். "இல்லை" என்று ஒருமுறை தவறாக எழுதப்பட்ட பூவைப் பற்றி, இனி அது உண்மையாகவே எழுதப்படக் கூடாது.

குளிர்காலம் இல்லாமல் இது பூக்காது என்பதால் நம் பால்கனிக்கு ஏற்றதல்ல. இங்கிலாந்தில் பிள்ளைகள் இருக்கும் குடியிருப்போர் அவர்களிடம் சொல்லலாம்: வாங்குவதானால், காட்டில் தோண்டியதல்ல, நர்சரியில் பெருக்கிய கிழங்குதானா என்று ஒரு வார்த்தை கேட்டு வாங்குங்கள்.