லிடிட்செ: பெயர் அழியாத ஊர்

பள்ளியில் ஓவியப் போட்டிக்குப் படம் கேட்டிருந்தார்கள். அனுப்ப வேண்டிய ஊர் லிடிட்செ. "அது எங்கே இருக்கு தாத்தா?" என்றாள் பேத்தி. தெரிந்ததைச் சொன்னேன்.

செக் தலைநகர் பிராகுக்கு வடமேற்கே சுமார் 20 கிலோமீட்டரில், ஓடை பாயும் சிறு பள்ளத்தாக்கு. மக்கள் சுமார் 500 பேர். ஆண்கள் பலருக்குப் பக்கத்துக் கிளாட்னோவில் சுரங்க வேலை, இரும்பாலை வேலை.

1942 மே 27இல் நாஜித் தலைவர் ஹைட்ரிக் பிராகில் தாக்கப்பட்டு, ஜூன் 4இல் இறந்தார். இந்த ஊருக்கு அதில் பங்கே இல்லை. ஆனாலும் பழி இங்கேதான் விழுந்தது. ஜூன் 10இல் 173 ஆண்களைச் சுட்டார்கள். பெண்களை ராவன்ஸ்பிரூக் முகாமுக்கு அனுப்பினார்கள். 82 குழந்தைகளைப் போலந்தில் விஷவாயுவால் கொன்றார்கள். வீடுகளைத் தகர்த்தார்கள், கல்லறைகளையும் விடவில்லை. ஓடையின் போக்கைக்கூட மாற்றினார்கள். எல்லாம் பெயரே இல்லாமல் போகணும் என்றுதான்.

நடந்தது நேர்மாறு. அதே ஆண்டில் பிரிட்டனின் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகரில், ஊரை மீண்டும் எழுப்ப இயக்கம் தொடங்கியது. சுரங்கத் தொழிலாளர்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். மெக்சிகோவில் ஓர் ஊர் அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டது. போருக்குப்பின் 143 பெண்களும் 17 குழந்தைகளும் திரும்பினர். பழைய நிலத்தை வெறும் புல்வெளியாகவே விட்டு, அருகிலேயே புதிய ஊர் கட்டினார்கள். குழந்தைகளின் ஓவியக் கண்காட்சி 1967இல் தொடங்கியது. இந்தியப் பிள்ளைகளின் படங்களும் அங்கே போகின்றன.

"ஊரே இல்லாதப்ப எங்கே திரும்பினாங்க?" என்றாள்.

"பேர் இருந்துச்சே, கண்ணு" என்றேன்.

மறுநாள் படம் வரைந்தாள். எங்கள் ஊர்க் குளம். கீழே ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதச் சொல்லிக்கொடுத்தேன்.